உங்களுக்குத் தெரியுமா? பிள்ளைகளுக்காகப் படியேறிய பெற்றோர்

தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, வயதுவந்தோர் மனமொத்துத் தனிமையில் இணைவதற்குப் பொருந்தாது என்று 2009 ஜூலை 2 அன்று தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பளித்தவர்கள் நீதிபதிகள் ஏ.பி. ஷா, எஸ். முரளிதர்.

இந்தத் தீர்ப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தவர்களில் முஸ்லிம், கிறிஸ்தவ அமைப்புகளும் இந்து அமைப்பும் உண்டு. வெவ்வேறு மதத்தவர் இதில் ஒன்றுசேர்ந்தது வேதனை. ஆனால் தன்பாலீர்ப்புள்ள பிள்ளைகளின் தாய் தந்தையரும் உச்ச நீதிமன்றத்தின் படியேறினார்கள், பிள்ளைகளின் பக்கம் நிற்க! எவ்வளவு பெரிய மனம்!

2013 டிசம்பர் 11 அன்று அந்தப் பெற்றோர் தோற்றார்கள்; தில்லி தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்த 2013 தீர்ப்பை ஒருமனதாக மாற்றியது. ஆனால் தன்பாலினத் திருமண உரிமையை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.