அடுக்களையில் ஓர் ஆய்வுக்கூடம்

வேதியியல் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவன ஆய்வுக்கூடத்தின் நெடியும், சோதனைக் குழாய்களும், தேர்வுக்கு முந்திய இரவில் மனப்பாடம் செய்த சமன்பாடுகளுமே. "இரசாயனம் கலக்காதது" என்று கடைக்காரர் சொல்லிவிட்டால் நம் வீட்டாரும் நம்பி வாங்கிவிடுகிறார்கள். தண்ணீரும் உப்பும் புளியும்கூட இரசாயனப் பொருள்கள்தாமே! 2011-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை அனைத்துலக வேதியியல் ஆண்டாகக் கொண்டாடியது. மேரி கியூரி அம்மையார் 1911-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்று அப்போது நூறு ஆண்டுகள் நிறைந்திருந்தன. அவர் ரேடியத்தைத் தேடியது ஒழுகும் கூரையுள்ள ஒரு பழைய கொட்டகையில். நாம் நம் அடுக்களைக்குள் நுழைந்தாலே போதும்.

முதலில் மஞ்சளைப் பார்ப்போம். வெள்ளைச் சீருடையில் சாம்பார் சிந்தி, அம்மாவுக்குத் தெரியாமல் சோப்புப் போட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! மஞ்சள் கறை போவதற்குப் பதில் சிவந்து நின்று நம்மைக் காட்டிக் கொடுத்திருக்கும். மஞ்சளிலுள்ள குர்க்குமின் என்னும் நிறப்பொருள் காரத்தைக் கண்டால் சிவக்கும். சோப்பு நீர் காரத்தன்மை உடையது. நல்ல நீரில் அலசினால் பழைய நிறம் திரும்பிவிடும். வெயிலில் காயப்போட்டால் ஒளிபட்டு அந்த நிறப்பொருள் சிதைந்து, கறை வெளிறிவிடும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு சேர்த்தவுடன் செந்நீராவதும் இதே வினைதான். லிட்மஸ் தாளைக் காணாத நம் பாட்டிமார் கையில் எப்போதும் ஒரு நிறங்காட்டி இருந்திருக்கிறது.

அடுத்து உப்பு. முன்கழுத்துக் கழலையைத் தடுக்க நம் நாட்டு உப்பில் பொட்டாசியம் அயோடேட்டு சேர்க்கிறார்கள். நம் வீட்டுக்கு வரும்போது ஒரு கிலோ உப்பில் 15 மில்லிகிராம் அயோடின் இருந்தால் போதும். ஒரு சிட்டிகைகூட இல்லாத அளவு!

இனி புளிக்கு வருவோம். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் பித்தளையின் மேலுள்ள கறையைக் கரைத்துப் பளபளப்பாக்குகிறது. வெளியே நன்மை செய்யும் அதே அமிலம் பாத்திரத்துக்கு உள்ளே தீமை செய்யும். பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் செம்பு கரைந்து களிம்பு ஏறும். உண்டவர்க்கு வாந்தியும் வயிற்றுவலியும் வரும். அதனால்தான் ஈயம் பூசுகிறோம். ஈயம் பூசுகிறவர் பாத்திரத்தை நன்றாகச் சூடேற்றி நவச்சாரத்தைத் தூவுவார், வெண்புகை கிளம்பும். நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடு. அது சூட்டில் பிரிந்து தரும் அமிலம் உலோகத்தின் மேலுள்ள ஆக்சைடை நீக்கிவிட, உருகிய ஈயம் ஒரே துடைப்பில் வெள்ளிபோல் பரவி ஒட்டிக்கொள்ளும்.

இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். அடுக்களையில் ஈயம் என்றால் வெள்ளீயம். நம் பாடநூலில் ஈயம் என்றால் காரீயம்! இரண்டும் வேறு வேறு தனிமங்கள். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அது 232 டிகிரியில் உருகிவிடுமாதலால் வெறுஞ்சொம்பை அடுப்பில் வைக்கலாகாது. ரசம் இருந்தால் அது சூட்டை வாங்கிக்கொண்டு சொம்பைக் காக்கும். ஆனால் விலை குறைவு என்று காரீயம் கலந்த சொம்பை வாங்கினால், புளிப்பில் காரீயம் கரைந்து ரசத்தோடு உடலுக்குள் போகும். குழந்தைகளின் மூளையை அது பாதிக்கிறது. சிறிதளவு காரீயம்கூடத் தீங்கற்றதன்று. பெட்ரோலில் காரீயம் சேர்ப்பதை நம் நாடு 2000-ஆம் ஆண்டில் நிறுத்தியதும் இதற்காகவே.

இதைப் படித்ததும் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி தன் பாட்டியின் சொம்பை ஆய்வுக்கூடத்துக்கே எடுத்து வந்துவிட்டாள். காற்றில் அதன் எடை 365 கிராம். நீரில் முழுவதும் அமிழ்த்தியபோது 50 கிராம் குறைந்தது. வகுத்தால் 7.3. வெள்ளீயத்தின் ஒப்படர்த்தியும் 7.3, காரீயத்தினுடையது 11.3. கைதட்டி மகிழ்ந்தோம். சிறிதளவு கலப்பு இருந்தால் நம் தராசு காட்டாது, அதற்கு முறையான பரிசோதனை வேண்டும் என்று ஆசிரியை நினைவூட்டினார். சொம்பு பத்திரமாக வீடு திரும்பியது. கேட்காமல் எடுத்துப் போனதற்காகத் தோழிக்குப் பாட்டியிடம் நன்றாகத் திட்டும் கிடைத்தது.