ஒரு சனிக்கிழமை, மூன்று செய்திகள்

தேர்தல் முடிவு, கொரோனா, ஃபுட்பால் மூன்றும் ஒரே மைதானத்தில் கைகலந்த நாள் 2020 நவம்பர் 7. ஆட்டம் நடந்தே தீர வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் வேறு, ஆட்டம் முடிந்த பிறகு பழி சுமந்தவர்கள் வேறு.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் இருக்கிறது சவுத் பெண்ட் நகரம். அந்தச் சனிக்கிழமை காலை அங்கே இரவு ஆட்டத்தைப் பற்றித்தான் பேச்சு. உள்ளூர் நோட்டர் டேம் பல்கலைக்கழக அணியோடு மோத, தரவரிசையில் முதலிடத்தில் இருந்த கிளெம்சன் வந்திருந்தது. அதன் நட்சத்திரம் டிரெவர் லாரன்ஸுக்குக் கொரோனா என்று ஒன்பது நாட்களுக்கு முன்பே தெரிந்துவிட்டது. அவர் ஆடமாட்டார். அவருக்குப் பதில் இறங்கப்போகும் 19 வயது முதலாண்டு மாணவர் தாக்குப்பிடிப்பாரா? ரசிகர்களின் கவலையும் நம்பிக்கையும் அதைச் சுற்றியே இருந்தன.

காலை பதினொன்றரை மணி நெருங்கும்போது பேச்சு மாறியது. வாக்குப்பதிவு முடிந்து நான்கு நாள் இழுபறிக்குப் பிறகு, பென்சில்வேனியா மாநிலம் ஜோ பைடன் பக்கம் என்று செய்தி நிறுவனங்கள் அறிவித்தன. அமெரிக்காவுக்குப் புதிய அதிபர். தகவல் வந்தபோது டொனால்ட் டிரம்ப் வர்ஜீனியாவில் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார். நியூயார்க், ஃபிலடெல்ஃபியா தெருக்களில் கொண்டாட்டம். அதே டி.வி. திரைகளில் மூன்றாவது செய்தியும் ஓடிக்கொண்டிருந்தது. நாட்டில் ஒரே நாளில் புதிதாகத் தொற்றுக்கு ஆளானவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். இறந்தவர்கள் மொத்தம் 2 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேல்.

தேர்தலும் நோயும் ஆட்டமும் தனித்தனிச் செய்திகள் போலத் தோன்றும். ஆனால் சவுத் பெண்டில் அவற்றைப் பிரித்துப் பார்க்க யாராலும் முடியவில்லை. அந்த ஊரின் மேயராக 2012 முதல் எட்டு ஆண்டுகள் இருந்த பீட் புட்டிஜெஜ், அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராகப் போட்டியிட்டு, பின்பு பைடனுக்கு வழிவிட்டு விலகியவர். மாநிலமோ டிரம்ப்புக்கு வாக்களித்தது. டிரம்ப்பின் துணை அதிபர் மைக் பென்ஸ் அதே மாநிலத்தின் முன்னாள் ஆளுநர்.

சனிக்கிழமைச் சடங்கு

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நாம் அறிந்த கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும், எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்க்கும் முரட்டு ஆட்டம். தொழில்முறை அணிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடும். சனிக்கிழமை கல்லூரிகளுக்கு. மாணவர் ஆட்டம்தானே என்று அலட்சியமாகச் சொல்லிவிட முடியாது. ஒரு லட்சம் பேர் உட்காரும் மைதானங்கள் சில பல்கலைக்கழகங்களுக்கு உண்டு.

நோட்டர் டேம், 1842இல் தொடங்கப்பட்ட கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். அதன் மைதானத்தில் 77 ஆயிரத்துக்கும் அதிகமானோர் அமரலாம். எதிரே நூலகச் சுவரில் கைகளை உயர்த்திய இயேசுவின் பிரமாண்ட ஓவியம். புள்ளி எடுத்ததை அறிவிக்கும் நடுவரைப் போல இருப்பதால் ரசிகர்கள் அதற்கு வைத்த பெயர் 'டச்டவுன் ஜீஸஸ்'. இந்த அணி தன் ஊரில் ஆடும் ஆட்டங்களை 1991 முதல் என்.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பிவருகிறது. பக்தியும் பந்தும் பணமும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் இடம்.

ஆட்ட நாளில் காலையிலேயே வண்டிகள் வந்து நிற்கும். பின்கதவைத் திறந்துவைத்து, அடுப்பு மூட்டி, இறைச்சி சுட்டு, பகல் முழுவதும் பேச்சுக் கச்சேரி நடத்துவது பரம்பரை வழக்கம். 2020இல் வளாகத்துக்குள் அதற்குத் தடை. மைதானத்திலும் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானோருக்கே இடம். முகக்கவசம் கட்டாயம். உள்ளே வந்தவர்களில் பெரும்பகுதி மாணவர்கள்.

அதிபரின் துருப்புச்சீட்டு

ஆட்டம் நடக்குமா என்பதே அந்த ஆண்டு ஆகஸ்டில் சந்தேகமாக இருந்தது. பெரிய பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான 'பிக் டென்', ஆகஸ்ட் 11 அன்று பருவத்தைத் தள்ளிவைத்தது. தொற்று இளைஞர்களின் இதயத் தசையைப் பாதிக்கலாம் என்ற மருத்துவ அச்சமும் அந்த முடிவின் பின்னே இருந்தது. ஆட விரும்புகிறோம் என்று வீரர்கள் குரல் கொடுத்தார்கள். முன்னணியில் நின்றவர்களில் ஒருவர், பின்னாளில் தொற்றுக்கு ஆளான அதே டிரெவர் லாரன்ஸ்.

டிரம்ப் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டார். பிக் டென் அணிகள் இருக்கும் மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா, ஒஹையோ ஆகியவை தேர்தலின் தலையெழுத்தை மாற்றக்கூடிய மாநிலங்கள். செப்டம்பர் 1 அன்று கூட்டமைப்பின் தலைவரோடு அவரே தொலைபேசியில் பேசினார். பைடன் தரப்பும் சும்மா இருக்கவில்லை. காலியான மைதானங்களைக் காட்டி, இந்த நிலைக்கு டிரம்ப்பே காரணம் என்று விளம்பரம் வெளியிட்டது. செப்டம்பர் 16 அன்று பிக் டென் மனம் மாறியது. தினசரிப் பரிசோதனை வசதி வந்துவிட்டதால்தான் இந்த முடிவு, அரசியல் காரணமல்ல என்றது. இரு வாரம் கழித்து பைடனோடு நடந்த விவாத மேடையில், ஃபுட்பாலை மீட்டுக் கொடுத்தவன் நானே என்று டிரம்ப் மார்தட்டினார்.

நோட்டர் டேம் பிக் டென்னில் இல்லை. எந்தக் கூட்டமைப்பிலும் சேராமல் தனித்து நிற்பதே ஃபுட்பாலில் அதன் பெருமை. நோய்க்காலத்தில் ஆட்டங்கள் கிடைக்க வேண்டுமே என்று அந்த ஒரு பருவத்துக்கு மட்டும் கிளெம்சன் இருக்கும் அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில் சேர்ந்துகொண்டது.

ரோஜாத் தோட்டத்தில் ஒரு கைகுலுக்கல்

பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர் பாதிரியார் ஜான் ஜென்கின்ஸ். நம்மூர் துணைவேந்தர் பதவி போன்றது. வளாகத்தைத் திறப்பதில் ஆபத்து உண்டு, ஆனாலும் அது தகும் என்று மே மாதமே நியூயார்க் டைம்ஸில் கட்டுரை எழுதியவர். விஞ்ஞானம் மட்டும் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல இது, அறம் சார்ந்தது என்பது அவர் வாதம்.

ஆகஸ்ட் 10 அன்று வகுப்புகள் தொடங்கின. எட்டே நாளில் தொற்று எண்ணிக்கை எகிற, இரண்டு வாரத்துக்கு நேரடி வகுப்புகளை அவரே நிறுத்த வேண்டிவந்தது. மாணவர்களின் விருந்துகளே காரணம் என்று விரல் நீண்டது. அப்போது மாணவர் நாளிதழான 'தி அப்சர்வர்' முதல் பக்கத்திலேயே தலையங்கம் போட்டது. எங்களை இரங்கல் செய்தி எழுத வைக்காதீர்கள் என்பது அதன் தலைப்பு. நிர்வாகத்தை மட்டுமல்ல, சக மாணவர்களையும் சேர்த்தே அது எச்சரித்தது.

செப்டம்பர் 26 அன்று நோட்டர் டேம் அணி வேக் ஃபாரஸ்ட்டோடு ஆடியிருக்க வேண்டும். வீரர்கள் சிலருக்குத் தொற்று இருந்ததால் ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது. அதே நாளில் ஜென்கின்ஸ் வாஷிங்டனில், வெள்ளை மாளிகையின் ரோஜாத் தோட்டத்தில் இருந்தார். நோட்டர் டேமில் சட்டம் படித்து அங்கேயே பேராசிரியரான ஏமி கோனி பேரட்டைச் சுப்ரீம் கோர்ட் நீதிபதி பதவிக்கு டிரம்ப் அறிவித்த விழா அது. முகக்கவசம் இல்லாமல் அவர் கைகுலுக்குவதை உலகமே பார்த்தது. வந்ததும் பரிசோதித்தார்கள், கவசத்தைக் கழற்றலாம் என்றார்கள் என்று விளக்கிய ஜென்கின்ஸ், தவறுக்கு மன்னிப்பும் கேட்டார். அக்டோபர் 2 அன்று அவருக்குத் தொற்று உறுதியானது. டிரம்ப்புக்குத் தொற்று என்ற செய்தி வந்ததும் அன்றுதான். மாணவர்களைக் கட்டுப்பாட்டில் வைத்துவிட்டுத் தான் மட்டும் மீறலாமா என்று கேட்டு, அவர் விலக வேண்டும் என்ற மனுவில் மாணவர்கள் சிலர் கையெழுத்திட்டார்கள். அவர் விலகவில்லை.

பந்தும் பதவியும்

நவம்பர் 7 இரவு ஏழரை மணிக்கு ஆட்டம் தொடங்கியது. வந்திருந்தவர்கள் 11,011 பேர். முதல் சுற்றிலேயே கைரன் வில்லியம்ஸ் பந்தோடு 65 கெஜம் ஓடி நோட்டர் டேமுக்குப் புள்ளி தேடித் தந்தார். ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் என்.பி.சி. திரையில் மைதானம் மறைந்தது. டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டனில் கமலா ஹாரிஸும் பைடனும் வெற்றி உரையாற்ற மேடையேறியிருந்தார்கள். ஆட்டம் யு.எஸ்.ஏ. என்ற இன்னொரு சேனலுக்கு மாற்றப்பட்டது. ரசிகர்களில் பலருக்குக் கடுங்கோபம்.

அந்த மேடையில்தான் ஹாரிஸ், 19 வயதில் இந்தியாவிலிருந்து அமெரிக்கா வந்த தன் தாய் சியாமளா கோபாலனை நினைவுகூர்ந்தார். அங்கே இரவு, இங்கே ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஹாரிஸின் தாத்தா பி.வி. கோபாலனின் பூர்வீக ஊரான துளசேந்திரபுரத்தில், திருவாரூர் மாவட்டத்தின் அந்தச் சிற்றூரில், வாசல்களில் வாழ்த்துக் கோலம், தெருவில் பட்டாசு.

சவுத் பெண்டில் 19 வயதுப் பையன் பின்வாங்கவில்லை. லாரன்ஸின் இடத்தில் இறங்கிய டி.ஜே. ஊயாங்கலெலே 439 கெஜத்துக்குப் பந்தை எறிந்தார். கடைசி நிமிடங்களில் கிளெம்சன் 33-26 என்று முன்னணியில். முடிய 22 நொடிகள் இருக்கையில் இயன் புக் எறிந்த பந்தை ஏவரி டேவிஸ் பிடித்தார், சமநிலை. முதல் கூடுதல் சுற்றிலும் சமநிலை. இரண்டாவதில் வில்லியம்ஸ் மீண்டும் கோட்டைக் கடந்தார். கிளெம்சனால் பதிலடி தர முடியவில்லை. 47-40. தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அணி ஒன்றை நோட்டர் டேம் 1993க்குப் பிறகு வீழ்த்தியது அதுவே முதல் தடவை.

அடுத்த கணம் மாணவர் கூட்டம் தடுப்புகளைத் தாண்டி மைதானத்துக்குள் பாய்ந்தது. இரண்டு மீட்டர் இடைவெளியெல்லாம் போன இடம் தெரியவில்லை. ஆயிரக்கணக்கானோர் தோளோடு தோள் உரச, வீரர்களைக் கட்டிப்பிடித்துக் கத்தினார்கள். பெரும்பாலோர் முகத்தில் கவசம் இருந்தது என்பது மட்டுமே ஆறுதல்.

மறுநாள் ஜென்கின்ஸிடமிருந்து மாணவர்களுக்குக் கடிதம். கூட்டம் சேர்ந்தது ஏமாற்றமளிக்கிறது. ஊருக்குப் போகுமுன் எல்லோரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். செய்யாதவர்களும், முடிவு தெரியும் முன் கிளம்புகிறவர்களும் அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்ய முடியாது. விதியில் குறை சொல்ல எதுவுமில்லை. தொற்றோடு வீடு திரும்பும் மாணவர் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் அதைக் கொண்டுபோகலாம். ஆனால் ரோஜாத் தோட்டத்தை மறக்காத மாணவர்களுக்குக் கடிதத்தின் வரிகளைவிடக் கீழே இருந்த கையெழுத்துதான் முதலில் கண்ணில் பட்டது.

எதிர்பாராமல் நடந்ததா?

இன்னொரு விஷயமும் ஆட்டம் முடிந்த பிறகு வெளியே வந்தது. அணியின் பயிற்சியாளராக இருந்த பிரையன் கெல்லி, அன்று பகல் ஒத்திகையின்போதே தன் வீரர்களை எச்சரித்திருக்கிறார். நாம் ஜெயிப்போம், ரசிகர்கள் உள்ளே பாய்வார்கள், கொரோனா காலம் என்பதால் உடனே உள்ளறைக்கு ஓடிவிடுங்கள் என்று. இதை அவரே செய்தியாளர்களிடம் சொன்னார். ஜெயித்தால் என்ன நடக்கும் என்று பகலிலேயே பயிற்சியாளருக்குத் தெரிந்திருந்தது. அப்படியிருக்க, வாயிலைத் திறந்துவிட்ட நிர்வாகம் அதை எதிர்பார்க்கவில்லை என்று சொல்வதற்கில்லை.

வாரத்தில் மூன்று முறை பரிசோதனைக்கு நின்று ஆடிய அந்த மாணவர்களுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு, சம்பளம் கிடையாது. தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கும் உரிமை அவர்களுக்கு வந்தது 2021 ஜூலையில்தான். அதற்குப் பத்து நாள் முன்பு, மாணவ வீரர்களுக்கான கல்விச் சலுகைகளுக்கு வரம்பு விதித்த விதிகள் செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பளித்த ஒன்பது பேரில் பேரட்டும் ஒருவர். பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தர வழி பிறக்க 2025 ஆனது.

அந்த வெற்றியின் ஆயுளும் குறைவு. டிசம்பர் 19 அன்று, குணமாகித் திரும்பிய லாரன்ஸ் தலைமையில் கிளெம்சன் 34-10 என்று பழிதீர்த்தது. புத்தாண்டு தினத்தில் நோட்டர் டேம் ஆட வேண்டிய 'ரோஸ் பவுல்' அரையிறுதி, கலிஃபோர்னியா பார்வையாளர்களை அனுமதிக்காததால் டெக்சாசுக்கு இடம்பெயர்ந்தது. அங்கே சுமார் 18 ஆயிரம் பேர் பார்க்க, அலபாமாவிடம் 31-14 என்று தோற்றது. டிரம்ப் 2024இல் மீண்டும் வென்றார், தோற்கடிக்கப்பட்டவர் ஹாரிஸ்.

அமெரிக்காவில் கொரோனாவுக்குப் பலியானவர்கள் எண்ணிக்கை 11 லட்சத்தைத் தாண்டியது. அந்த இரவு மைதானத்தில் குதித்தவர்களால் இதில் எத்தனை என்று யாராலும் கணக்குச் சொல்ல முடியாது. ஆனால் யார் யாருக்கு எவ்வளவு ஆபத்து தகும் என்பதை அந்த ஆண்டு முழுவதும் பெரியவர்களே தீர்மானித்தார்கள். இரங்கல் செய்தி எழுத வைக்காதீர்கள் என்று முதல் பக்கத்தில் கேட்டுக்கொண்டவர்கள் மட்டும் மாணவர்கள்.