வேருக்குத் துணையான பூசணம்

கொல்கத்தாவின் கரியாஹாட் சந்தையில் காய்கறி வாங்கும் நம்மவர், காலிபிளவரையும் வெங்காயத்தையும் ஒரே பையில் இட்டு வீடு திரும்புகின்றனர். ஆயினும் மண்ணிலிருந்து உணவு பெறும் முறையில் அவை பெரிதும் வேறுபட்டவை. வெங்காயத்தின் வேருக்கு மண்ணுக்குள் ஒரு துணைவன் உண்டு; காலிபிளவருக்கு இல்லை.

அத்துணைவன் ஒருவகைப் பூசணம். பூசணம் என்றதும் ஊறுகாய் ஜாடியும், நெல்லை அழிக்கும் குலைநோயுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆனால் பூசணம் யாவும் பகையல்ல. 1885-ஆம் ஆண்டில் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் பிராங்க் என்னும் ஜெர்மானிய அறிஞர், மர வேர்களும் பூசண இழைகளும் இணைந்து வாழும் நிலைக்கு 'மைக்கோரைசா' என்று பெயரிட்டார். 'பூசண வேர்' என்பது அதன் பொருள். பயிரின் வேருக்குள்ளேயே புகுந்து வாழும் வகையைத் தமிழ்நாட்டு வேளாண் துறையினர் 'வேர் உட்பூசணம்' என்பர்.

இவ்வுறவு ஒரு பண்டமாற்று. மணிச்சத்து மண்ணில் எளிதில் நகராது. வேரை ஒட்டியிருப்பது தீர்ந்தால் பயிர் வாடும். மயிரிழையினும் மெல்லிய பூசண இழைகள் வேர் எட்டாத இடத்திற்குச் சென்று அச்சத்தைக் கொணர்ந்து தருகின்றன. பதிலுக்குப் பயிர் தான் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கை அளிக்கிறது. வெங்காயத்திற்கு வேர்த்தூவிகள் மிகக் குறைவு. ஆகையால் அதற்கு இவ்வுதவி பெரிது. மேலும், பூசணம் குடியேறிய வேர், வேரழுகல் நோய்களையும் நூற்புழுக்களையும் ஓரளவு தாங்கி நிற்கிறது. எனினும் இது காப்பேயன்றி மருந்தன்று.

1901-ஆம் ஆண்டில் எட்வின் ஜான் பட்லர் என்னும் ஐரிஷ் அறிஞர், அரசுப் பணியேற்று அன்றைய கல்கத்தாவிற்கு வந்தார். பின்னர் பீகாரிலுள்ள பூசாவில் பணியாற்றி, 1918-இல் பூசணங்களால் விளையும் பயிர்நோய்களைப் பற்றிப் பெருநூல் வெளியிட்டார். பகைப் பூசணங்களை அவ்வளவு ஆராய்ந்த அவரே, 1939-இல் நட்புப் பூசணங்களாகிய வேர் உட்பூசணங்களைக் குறித்தும் விரிவாக எழுதினார் என்பது நாம் கருதத்தக்கது.

இன்று இப்பூசணம் கலந்த பொடி கடைகளில் கிடைக்கிறது. ஊரில் நிலம் வைத்திருப்போரும், இங்கு மாடித் தொட்டியில் கறிவேப்பிலையும் மிளகாயும் வளர்ப்போரும் அதனை வாங்குமுன் சிலவற்றை அறிதல் நலம். உயிருள்ள வேரைத் தொட்டால்தான் இப்பூசணம் வாழும். ஆதலால் மேலே தூவுவதைவிட, நாற்று நடும் குழியில் வேரை ஒட்டி இடுவதே முறை. மணிச்சத்து உரத்தை மிகுதியாக இட்டால், பயிர் துணைவனுக்குச் சோறிடுவதைக் குறைத்துவிடும். பூசணக்கொல்லி மருந்தை மண்ணில் ஊற்றினால் பகையோடு நட்பும் மடியக்கூடும். கடுகு, முட்டைக்கோஸ், காலிபிளவர் ஆகிய ஒரே குடும்பத்துப் பயிர்கள் பொதுவாக இவ்வுறவை ஏற்பதில்லை. அவற்றிற்கு இப்பொடி வீண் செலவே.

மணிச்சத்து உரத்திற்கான பாறைக்குப் பெரிதும் அயல்நாடுகளையே நம்பியிருக்கும் நம் நாட்டில், மண்ணிலேயே உள்ள சத்தை எடுத்துத் தரும் இத்துணைவனைப் பேணுதல் உழவனுக்கும் ஆதாயம். உண்போராகிய நமக்கும் ஆதாயம்.