அக்ரூட் தின்றால் புராஸ்டேட் புற்று அடங்குமா?

எறணாகுளம் பிராட்வேயின் உலர்பழக் கடைகளில் காஷ்மீர் அக்ரூட்டும் கொல்லத்து முந்திரியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். முந்திரி பாயசத்துக்குப் போகும். அக்ரூட்டைப் பற்றி வேறொரு பேச்சு உண்டு: “புராஸ்டேட்டுக்கு நல்லதாம்.”

பேச்சுக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் டேவிஸ் என்பவரின் குழு, புராஸ்டேட் புற்று வரும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகளுக்கு 18 வாரம் அக்ரூட் கலந்த தீனி போட்டது. முடிவுகள் 2012-இல் வெளியாயின. அதே அளவு கொழுப்பைச் சோயா எண்ணெயாகத் தின்ற எலிகளோடு ஒப்பிட்டால், இவற்றின் கட்டி ஏறக்குறையப் பாதிதான். வளர்ந்த வேகமும் சுமார் 30 சதவீதம் குறைவு. செல்களைப் பெருகத் தூண்டும் ஐஜிஎஃப்-1 ஹார்மோன் ரத்தத்தில் குறைந்திருந்ததை முக்கியமான தடயமாகப் பார்த்தார்கள்.

எலி தின்றது மனிதக் கணக்கில் தினம் 68 கிராம். பாதிப் பருப்புகளாக எண்ணினால் முப்பதைத் தாண்டும், 440 கலோரி! ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்களில் கலிபோர்னியா அக்ரூட் வாரியமும் உண்டு. அதனால் முடிவு பொய்யாகிவிடாது. ஆனால் தெரிந்துகொண்டு படிப்பது நல்லது.

மனிதர்களிடம் கதை வேறு. அமெரிக்காவில் 47,299 ஆண்களை 26 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2016-இல் வந்தது. அவர்களில் 6,810 பேருக்குப் புராஸ்டேட் புற்று கண்டறியப்பட்டது. கொட்டைப் பருப்பு தின்றவர்களுக்கு நோய் குறைவாக வரவில்லை. அந்தப் புற்றால் நேர்ந்த சாவும் குறையவில்லை. ஆனால் நோய் பரவாத நிலையில் இருந்து, வாரம் ஐந்து முறையாவது பருப்பு தின்றவர்கள் எக்காரணத்தாலும் இறக்கும் வாய்ப்பு, மாதம் ஒருமுறைகூடத் தின்னாதவர்களைவிட 34 சதவீதம் குறைந்திருந்தது. பருப்பு காத்தது இதயத்தை என்றே எனக்குத் தோன்றுகிறது. இந்த நோயாளிகள் பலரைக் கடைசியில் கொண்டுபோவது மாரடைப்புதானே.

பருப்பிலுள்ள சத்தை மாத்திரையாக விழுங்கலாமே என்றால், அதையும் பார்த்துவிட்டார்கள். 35,000-க்கு மேற்பட்ட ஆண்களிடம் நடந்த ‘செலக்ட்’ சோதனையில் வைட்டமின்-ஈ மாத்திரை தின்றவர்களுக்குப் புராஸ்டேட் புற்று 17 சதவீதம் கூடியது.

புராஸ்டேட் புற்றுக்காக ஹார்மோன் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு எடையும் சர்க்கரையும் ஏறக்கூடும். அவர்களுக்கும் தினம் ஒரு கைப்பிடி, சுமார் 30 கிராம், போதும். உப்பும் நெய்யும் போட்டு வறுத்த முந்திரியை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.