பள்ளத்தாக்குச் சக்கரங்கள் – 9: மேடேறும் அமெரிக்கா

அமெரிக்கக் கார் தயாரிப்பாளர் ஷெல்பி என்றால் கோப்ரா, முஸ்டாங் கார்கள் என்பார்கள். அதே கரோல் ஷெல்பி 1986-ல் செய்த இன்னொரு காரைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. அது டாட்ஜ் ஆம்னி ஜி.எல்.எச்.எஸ். நம்மூர் மாருதி ஆம்னிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பார்வைக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடும் பெட்டிக் கார்தான். உள்ளே 2.2 லிட்டர் எஞ்சின், டர்போ, இன்டர்கூலர், 175 குதிரைத்திறன். மொத்தம் 500 கார்கள், அத்தனையும் கறுப்பு. பெட்ரோல் விலையும் புகைக் கட்டுப்பாடும் பெரிய எஞ்சின்களை முடக்கிப் போட்டிருந்த காலத்தில், சின்ன எஞ்சினுக்குள் காற்றைத் திணித்து வேகம் எடுத்த கார் அது. 80-களின் அமெரிக்கக் கார்களில் என் மனம் போய் நிற்பது அதனிடம்தான்.

அதைத் தேனியில் தேடிப் பயனில்லை. ஆனால் அதே 80-களில் அமெரிக்கா இந்தப் பள்ளத்தாக்கில் வேறு வடிவில் ஓடிக்கொண்டிருந்தது: ஜீப்பாக.

ஜி.எல்.எச்.எஸ் வந்த அதே 1986-ல்தான் அமெரிக்காவில் ஜீப்பின் சி.ஜே வரிசை முடிவுக்கு வந்தது. மறு ஆண்டே ஜீப்பைத் தயாரித்த கம்பெனியை, டாட்ஜின் உரிமையாளரான கிரைஸ்லர் வாங்கியது. டாட்ஜும் ஜீப்பும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆயின. இங்கே மஹிந்திராவோ, 1953-ல் அமெரிக்காவின் வில்லிஸ் கம்பெனி கொண்டுவந்த சி.ஜே-3பி வடிவத்தை விடாமல் வைத்திருந்தது. உயரமான பானெட்டைப் பார்த்ததும் அதை அடையாளம் கண்டுகொள்ளலாம். ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு வால்வு தலைப்பகுதியில் உட்காரும் எஞ்சின் பழைய பானெட்டுக்குள் அடங்காமல் போனதால், பானெட்டையே உயர்த்திவிட்டார்கள். 80-களில் வந்த மஹிந்திரா எம்.எம் 540-ல் பெஜோவின் 2.1 லிட்டர் டீசல் எஞ்சின், 62 குதிரைத்திறன். சாதாரண டாட்ஜ் ஆம்னிக்கும் சில ஆண்டுகள் பெஜோ கொடுத்த 1.6 லிட்டர் எஞ்சின்தான் போட்டார்கள் என்பதைப் படித்த அன்று எனக்கு உண்டான சந்தோஷத்துக்கு அளவில்லை.

ஜி.எல்.எச்.எஸ்ஸுக்கும் எம்.எம் 540-க்கும் அளவில் ஏறக்குறைய ஒரே எஞ்சின். 175 எங்கே, 62 எங்கே? ஆனால் போடிமெட்டுக்கும் கம்பம்மெட்டுக்கும் ஏறுகிற டிரைவர் குதிரைத்திறனைக் கேட்பதில்லை. இழுவை எப்படி என்றுதான் கேட்பார். இழுவையின் சூட்சுமம் பல்சக்கரங்களில் இருக்கிறது. சி.ஜே-3பியில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் இரண்டு குட்டிக் கம்பிகள் நிற்கும். ஒன்று முன் சக்கரங்களுக்கும் ஓட்டம் கொடுக்கும், மற்றது லோ, அதாவது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் பல்சக்கர வரிசை. லோவில், முதல் கியரில், எஞ்சின் ஏறத்தாழ 37 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. முதல் கியர் ஓட்டத்தில் லேசில் விழாது, கறகறவென்று உரசும். அதனால் கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே எந்த கியர் என்று முடிவு செய்தாக வேண்டும். வளைவுக்குள் நுழைந்த பிறகு யோசிக்கிறவர் நடுமேட்டில் நின்றுவிடுவார். இந்த வித்தையைக் கையில் வைத்திருக்கும் டிரைவரைப் பந்தயக்காரருக்கு இணையாகவே நான் மதிக்கிறேன்.

ஏலக்காய்தான் இந்த வண்டிகளை இங்கே வாழவைத்தது. தோட்டங்கள் மேலே இடுக்கியில், வேலையாட்கள் கீழே போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் கூடலூரிலும். விடியுமுன் தூக்குவாளியோடு பெண்கள் ஏறுவார்கள். பொழுது சாயும்போது அதே ஜீப்பில் இறங்குவார்கள். காய் பறிக்கும் பருவமும் மழையும் சேர்ந்தே வரும். தோட்டத்து மண்பாதை சேறாகிவிட்டால் நாலு சக்கரமும் இழுக்காத வண்டி நகராது. தாங்கும் அளவுக்கு மேல் ஆளை அடைத்துப் போய் மலைப்பாதையில் உயிர்கள் போனதும் உண்டு. ஜீப்பைக் கொண்டாடுகிற யாரும் அதை மறைத்துப் பேசக்கூடாது. அந்தப் பெண்களுக்கு உட்கார இடமுள்ள வண்டி கிடைப்பது, எந்தப் பழைய ஜீப்பையும் காப்பாற்றுவதைவிட முக்கியம்.

வண்டியின் தரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கொழுக்குமலைக்குப் போங்கள். தேனி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம், 7,000 அடிக்கு மேல். குரங்கணியிலிருந்து நடைபாதை மட்டுமே. வண்டியில் போவதென்றால் கேரளத்துக்குள் நுழைந்து சூரியநெல்லிக்குப் போய், அங்கிருந்து ஜீப் பிடிக்க வேண்டும். பாதை என்று பெயர், கிடப்பது பாறை. ஜீப் அதில் குதிப்பதில்லை, ஒவ்வொரு கல்லாகத் தடவி ஏறுகிறது. இப்படி மலையேறும் ஜீப்பின் கதை பிறந்த நாட்டுக்கே திரும்பியதும் உண்டு: 2018-ல் மஹிந்திரா இதே குடும்பத்து வண்டியை ராக்ஸர் என்ற பெயரில் அமெரிக்காவிலேயே விற்க இறங்கியபோது, உருவம் தங்களுடையது என்று ஜீப்பின் அன்றைய உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள்.

இந்த ஜீப்புகளுக்குக் கூடு கட்டி, பட்டை மாற்றி, எஞ்சினை இறக்கி ஏற்றும் பட்டறைகளுக்கு அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)