திருவிழாவுக்கு அழைக்கும் 'தம்பி' எழுத்து

மாசி மகம் நெருங்கும் வேளையில், சுவாமி புறப்பாட்டுக்கு முன்பே மலாக்கா வீதிகளுக்குப் புறப்பட்டு வந்துவிடுவது ஒன்று உண்டு. அதுவே விழா அறிவிப்புப் பதாகை. சாலைச் சந்திப்பிலும் ஆலய முகப்பிலும் நின்று மெய்யன்பர்களை வருக வருக என அழைப்பது அதன் எழுத்துகளே. அவ்வெழுத்து எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பது ஆலயப் பொறுப்பாளர்கள் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தியாகும்.

1896-ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் ரப்பர் பயிரிட்டதைத் தொடர்ந்து மலாக்காவில் தோட்டங்கள் பெருகின. தோட்டந்தோறும் தமிழர் குடியேறினர். அம்மனும் முருகனும் முனியாண்டியும் உடன் குடியேறினர். அந்நாளில் திருவிழா அறிவிப்பை எழுதியது மனிதக் கையே. எழுத்தழகு வாய்ந்த ஒருவர், அட்டையிலோ துணியிலோ சிவப்பும் நீலமுமாகத் தூரிகையால் தடித்த எழுத்துகளைத் தீட்டுவார். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு கை; ஒவ்வொரு கைக்கும் ஓர் அழகு.

பின்னர் கணினி வந்தது. மலேசியரான முத்து நெடுமாறன் 1985-இல் உருவாக்கிய முரசு மென்பொருள் தமிழ் எழுத்தைக் கணினித் திரையில் ஏற்றியது. ஆயினும் நூலுக்கும் நாளிதழுக்கும் பொருந்தும் மெல்லிய எழுத்து, தொலைவிலிருந்து காணும் பதாகைக்குப் போதுவதில்லை. தூரிகையின் தடிமனும் துள்ளலும் அங்கே தேவைப்பட்டன.

அக்குறையைப் போக்கும் எழுத்துருக்களுள் ஒன்று 'பாலூ தம்பி'. மும்பையின் ஏக் டைப் குழுவினர் இந்திய மொழிகளுக்கென உருவாக்கிய குடும்பத்தில் இது தமிழ் உறுப்பு. தமிழ் வடிவத்தை வரைந்தவர் ஆதர்ஷ் ராஜன். பாலூ என்றால் இந்தியில் கரடி. மலையாள எழுத்துக்குச் 'சேட்டன்', கன்னடத்துக்குத் 'தம்மா', தெலுங்குக்குத் 'தம்முடு' என உறவுப் பெயரே சூட்டினர். பெயருக்கேற்பக் கொழுகொழுவென்று, முனை மழுங்கி, வளைவு உருண்டு, குறும்புத் தம்பியைப் போலவே நிற்கிறது எழுத்து. கட்டணமின்றி எவரும் பயன்படுத்தலாம். பின்னர் வந்த இரண்டாம் பதிப்பு ஐந்து வகைத் தடிமன்களில் கிடைக்கிறது.

இத்தம்பிக்கு ஏற்ற பணிகள் பல. அன்னதானப் பந்தல், தண்ணீர்ப் பந்தல், காலணி வைக்குமிடம், பால்குடம் எடுப்போர் கூடுமிடம், சிறுவர் கோலப்போட்டி ஆகியவற்றின் பலகைகளில் இரண்டொரு சொற்களே இருக்கும். அங்கே தடித்த எழுத்து, வண்டியில் வருவோரையும் முதியோரையும் சிரித்த முகத்துடன் அழைக்கும்.

ஆனால் எல்லா இடமும் தம்பிக்கு உரியதன்று. உபயதாரர் பட்டியலையும் பூசை நேரங்களையும் மிகத் தடித்த எழுத்தில் நெருக்கி அச்சிட்டால் உள்வெளிகள் அடைபட்டுப் போகும். புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். தமிழில் புள்ளி சிறிதெனினும் அதன் பொறுப்பு பெரிது. புள்ளி மறைந்தால் 'அம்மன்' என்னும் திருநாமம் 'அமமன' ஆகிவிடும். நெடும்பட்டியலுக்கு மெல்லிய எழுத்தே தகும். திருநாமத்தைத் தடித்த எழுத்தில் பொறிப்பதானால் பெரிதாகவும் இடைவெளி விட்டும் பொறித்தல் நன்று.

இதனினும் பெரிய இடர் வேறொன்று. தமிழ் படிக்க அறியாதவர் கணினியில் பதாகை அமைக்கும்போது, சில வரைகலை மென்பொருள்கள் தமிழின் எழுத்து முறையை அறியாமல் கொம்பை இடம் மாற்றிவிடும். 'தேர்' என்பதில் தகரத்துக்கு முன் நிற்கவேண்டிய கொம்பு அதற்குப் பின்னால் போய்விடும். காண்போருக்கு அது 'தரே' என்பதுபோல் தோன்றும். கணினி மெய்யெழுத்தை முதலிலும் உயிர்க்குறியை அடுத்தும் சேமிப்பதும், மென்பொருள் அதனை வரிசைப்படுத்திக் காட்டத் தவறுவதுமே காரணம். மென்பொருளில் இந்திய மொழிகளுக்குரிய அமைப்பைத் தேர்ந்தால் இக்குறை பெரும்பாலும் நீங்கும். எனினும், அச்சேறுமுன் தமிழறிந்த ஒருவர் மாதிரிப் படியை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்ப்பதே உறுதியான காப்பு. ஆயிரம் பேர் காணும் வீதியில் தெய்வத் திருநாமம் பிழையாகத் தொங்குவது உபயதாரருக்கும் ஆலயத்துக்கும் அழகன்று.

மலாக்காவில் இப்பொறுப்பு மேலும் கூடுகிறது. 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் அமைந்துள்ள வீதித் தொடரிலேயே பள்ளிவாசலும் சீனர் ஆலயமும் உள்ளன. ஜாவியும் சீனமும் தமிழும் அருகருகே நிற்கும் வீதி அது. அவ்வாலயத்தைப் போற்றிவரும் மலாக்கா செட்டி சமூகத்தார் வீட்டில் பேசுவது மலாய் கலந்த மொழி. வழிபாட்டையோ அவர்கள் கைவிடவில்லை. தமிழ் படிக்க அறியாத அன்பருக்கும் ஆலய முகப்பின் எழுத்தே தமிழின் திருமுகம். தமிழ்ப் பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்கோ அது வீதியில் விரித்து வைத்த பாடநூல்.

ஆகவே இவ்வாண்டுப் பதாகைக்குச் செலவிடும் உபயதாரர்கள், வண்ணத்தோடு எழுத்தையும் நோக்குவார்களாக. தூரிகை பிடித்த முன்னோர் புள்ளி தவறாமல் எழுதிய திருநாமத்தைக் கணினியிலும் அவ்வாறே எழுதுவதும் ஒரு திருப்பணியே.