துடித்தபடியே உருவாகும் இதயம்

புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலைப் புதர்களில் மயிலும் ஓணானும் ஒரே மண்ணில்தான் முட்டையிடுகின்றன. வளர்ந்த மயிலின் இதயத்துக்கு நம்முடையதைப் போல நான்கு அறைகள். ஓணானுக்கு மேலறை இரண்டு, கீழறை ஒன்று, ஆக மூன்றே. ஆனால் கருவில் இரண்டுக்குமே இதயம் ஒரு நேரான குழாயாகத்தான் தொடங்குகிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று தேடுவது, இதயத்தில் ஓட்டையோடு பிறக்கும் மனிதக் குழந்தையைப் புரிந்துகொள்ளும் வழியும்கூட.

மயில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது; அதன் முட்டையைத் தொடக் கூடாது. ஆய்வுக்கு அதன் உறவான கோழியே போதும். அடைவைத்த முட்டையில் ஒன்றரை நாளுக்குள் இதயக் குழாய் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. அப்போது அறையும் இல்லை, வால்வும் இல்லை. ரத்தத்தை ஓட்டிக்கொண்டேதான் அது வலப்பக்கம் வளைகிறது, பிறகு அறைகளாகப் பிரிகிறது. அந்த ரத்த ஓட்டத்துக்கும் இதயத்தின் வடிவத்தில் பங்குண்டு. நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட சோதனையில், மஞ்சள்கருவிலிருந்து கோழிக் கருவுக்கு ரத்தம் கொண்டுவரும் சிரைகளில் ஒன்றைக் கட்டினார்கள். மரபணு எதையும் மாற்றவில்லை. ஓட்டத்தின் திசை மட்டும் மாறியது; பல கருக்களில் கீழறைச் சுவரில் ஓட்டை விழுந்தது.

மரபணுவுக்குப் பங்கில்லை என்று இதற்குப் பொருளல்ல. அமெரிக்காவில் புரூனோ என்ற ஆய்வாளரின் குழு 2009இல் டிபிஎக்ஸ்5 என்ற மரபணுவைத் தொடர்ந்து பார்த்தது. கோழியில் அதன் செயல்பாடு கீழறையின் இடப்பாதியோடு நின்றுவிடுகிறது. அந்த எல்லையில் சுவர் எழும்புகிறது. பல்லியினக் கருவில் அது கீழறை முழுதும் பரவியிருக்கிறது, சுவர் இல்லை. ஆமையில் போகப்போக இடப்பக்கம் ஒதுங்குகிறது, சுவரும் அரைகுறை. எலிக் கருவில் அதே மரபணுவைக் கீழறை முழுதும் செயல்படச் செய்தபோது சுவர் எழவே இல்லை. மனிதரில் இம்மரபணு பழுதானால் இதயச் சுவரில் ஓட்டையும் கைகளில் ஊனமும் சேர்ந்து வரும் ஹோல்ட்-ஓரம் நோய் உண்டாகிறது.

கோழி மனிதனாகுமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. பறவையில் வலப்பக்கப் பெருந்தமனி வளைவு நிலைக்கிறது, நமக்கு இடப்பக்கம். முட்டைக்குள் நஞ்சுக்கொடியும் இல்லை. அதனால் முட்டையில் கண்டதை நேரே மருந்தாக்க முடியாது. ஆனால் பறவைக்கும் எலிக்கும் மனிதனுக்கும் ஒரே மரபணு ஒரே சுவரைத் தீர்மானிக்கிறது என்றால், அது தற்செயல் அல்ல. மூன்றறை இதயத்தைக் குறைப்பட்டது என்று நினைப்பதும் தவறு. பாக் விரிகுடாவில் மூழ்கும் கடலாமை, மூச்சடக்கிய நேரத்தில் நுரையீரலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துக்கொள்ள, முழுதும் பிரியாத கீழறைதான் வழிவிடுகிறது.

மனிதக் கருவில் இதயம் கருத்தரித்த சுமார் 22ஆம் நாளில் துடிக்கிறது. எட்டு வாரத்துக்குள் கீழறைச் சுவர் எழுந்து முடிந்துவிடும். பல பெண்களுக்குத் தாம் கருவுற்றதே தெரியாத நாட்களில் இந்த வேலை தொடங்கிவிடுகிறது. தாயின் கட்டுப்படாத சர்க்கரை நோயும் ருபெல்லா தொற்றும் அதைக் கெடுக்கக்கூடியவை. ஆகவே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதையும் ருபெல்லா தடுப்பூசி போடுவதையும் கருத்தரிக்கும் முன்பே முடித்துவிடுங்கள்.